அக்காள் கொடுத்தனுப்பிய விண்ணப்பச் சீட்டு

பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்ட அன்று என் அக்காள் கையில் திணித்த ஜெப விண்ணப்பச் சீட்டு, நான்காய் மடிந்து, என் வேதாகமத்தில் மாற்கு சுவிசேஷத்துக்குள் இருந்தது. பல ஆண்டுகளாக மூட்டுவாதத்தால் அவதிப்படும் அவளை, ஒரு குணமாக்கும் கூட்டத்தில் மேடையேற்றி ஜெபித்து, எதுவும் நடக்காததைக் கண்டதும் விசுவாசம் போதாது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். அன்றுமுதல் அவள் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. ஆயினும், ஜெபத்தால் கடவுள் நோயைக் குணமாக்குவார் என்னும் தெய்வீக சுகத்தைப் பிரசங்கித்த முன்னோடிகளுள் ஒருவரான யோஹான் கிறிஸ்டோஃப் புளூம்ஹார்ட் ஊழியம் செய்த ஊருக்குப் போகிறேன் என்றதும், ஒன்றும் பேசாமல் சீட்டை எழுதித் தந்தாள்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு மேற்கே, கருங்காட்டு மலைத்தொடரின் ஓரத்தில் இருக்கிறது மோட்லிங்கன் என்னும் அந்தச் சிற்றூர். பக்கத்து ஊரான கால்வ் நம்மவர்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று; திருநெல்வேலியில் தமிழ் கற்று, பின்னர் தலச்சேரிக்குச் சென்று மலையாள அகராதி தொகுத்த ஹெர்மன் குண்டர்ட் தம் கடைசிக் காலத்தைக் கழித்தது அங்கேதான். அவர் கால்வில் பொறுப்பேற்ற பதிப்பகத்தை அவருக்கு முன் நடத்திய பார்ட் என்பவரே, மோட்லிங்கன் சபையில் புளூம்ஹார்ட்டுக்கு முந்தைய போதகர். பேருந்தில் இதை நினைத்தபோது, ஏதோ உறவினர் ஊருக்குப் போவது போலிருந்தது.

1838-இல், 33 வயதில், புளூம்ஹார்ட் இங்கே போதகராக வந்தார். அதற்கு முன் சுவிட்சர்லாந்தில் மிஷனெரிகளைப் பயிற்றுவித்த பாசல் மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அற்புதங்களைத் தேடி அலைந்தவர் அல்லர். அவரை அந்தப் பாதைக்கு இழுத்தது கோட்லீபின் டிட்டுஸ் என்ற ஏழைப் பெண்ணின் துயரம். அவள் தன் உடன்பிறந்தாருடன் குடியிருந்த வீடு இன்றும் நினைவில்லமாக நிற்கிறது. குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்கள் ஓடும் சிறிய வீடு. அதன் சன்னல் கதவில் எழுதப்பட்டதாக அறியப்படும் வாசகம், மனிதனே, நித்தியத்தை எண்ணிப்பார், கிருபையின் காலத்தைப் பரியாசம் பண்ணாதே, நியாயத்தீர்ப்பு தூரத்தில் இல்லை என்று எச்சரிக்கிறது. தெருவில் போகிறவரை வீடே மறித்துப் பேசுவது போன்ற சொற்கள் அவை.

இந்த வீட்டில் இரவுகளில் கேட்ட ஓசைகளையும் கோட்லீபினுக்கு வந்த வலிப்புகளையும் கண்ட புளூம்ஹார்ட், முதலில் விலகியே நின்றார். 1842-இல் ஒருநாள், பிசாசு செய்வதைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம், இனி இயேசு செய்வதைப் பார்ப்போம் என்று சொல்லி, அவளையே கைகூப்பி ஜெபிக்கச் செய்தார். தனியாக ஒருபோதும் அங்கே போகாமல், ஊர்த்தலைவர் போன்றோரைச் சாட்சிகளாக உடன் அழைத்துக்கொண்டு, ஜெபமும் வேதவசனமும் தவிர வேறெதையும் கையாளாமல் பிசாசை எதிர்த்து அவர் நடத்திய போராட்டம், 1843 டிசம்பர் 28 அதிகாலையில், கோட்லீபினின் தமக்கை கத்தரீனா, 'இயேசுவே ஜெயங்கொண்டவர்' என்று கதறியதோடு முடிந்தது. நடந்தது என்ன என்று மருத்துவரும் இறையியலாளரும் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் எனக்கு நாட்டமில்லை. விடுதலை பெற்ற அந்தப் பெண் பிற்பாடு அதே ஊரில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள் என்பதுதான் என் மனத்தில் தங்கியது.

1844 தொடக்கத்தில் ஊரார் ஒருவர்பின் ஒருவராகப் போதகர் வீட்டுக் கதவைத் தட்டிப் பாவ அறிக்கை செய்தார்கள். அவர் தலைமேல் கைவைத்து மன்னிப்பை அறிவித்தபோது, சிலருக்கு உடல் நோயும் நீங்கிற்று. சுகம் இங்கே மன்னிப்பின் நிழலாகவே வந்தது; அதற்கென்று அவர் கூட்டம் கூட்டவில்லை. கூட்டமோ தானாகக் கூடியது. 1846-இல் அரசும் திருச்சபை மேலிடமும், குணமாக்குதலை மேய்ப்புப் பணியோடு கலக்கலாகாது, நோயாளிகளை மருத்துவரிடமே அனுப்ப வேண்டும் என்று கட்டளையிட்டபோது, மனம் வருந்தினாலும் கீழ்ப்படிந்தார். வந்தவர்கள் ஆராதனையில் உட்கார்ந்து வசனம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

நானும் அப்படித்தான் ஆலயத்தின் மர இருக்கையில் உட்கார்ந்தேன். சீட்டை எடுத்தேன், பிரிக்க மனம் வரவில்லை.

மறுநாள் கோப்பிங்கன் வழியாக பாட் போல் என்னும் ஊருக்குச் சென்றேன். 1595-இல் வூர்ட்டம்பெர்க் கோமகன் கட்டுவித்த கந்தக நீரூற்றுக் குளியல் விடுதியை 1852-இல் வாங்கிய புளூம்ஹார்ட், உடலும் மனமும் நொந்தவர்கள் தங்கி இளைப்பாறும் இல்லமாக அதை மாற்றி, 1880-இல் மறையும் வரை அங்கேயே இருந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற மகன் கிறிஸ்டோஃப், தொழிலாளர் பக்கம் நின்று சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்து சட்டமன்றம் வரை சென்றது தனிக் கதை.

மரங்கள் சூழ்ந்த கல்லறைத் தோட்டத்தில் புளூம்ஹார்ட் இருக்கிறார். அவர் குடும்பத்தில் ஒருத்தியாகவே வாழ்ந்து 1872-இல் காலமான கோட்லீபினும் அதே மண்ணில்தான். அங்கே சீட்டைப் பிரித்தேன். தன் மூட்டுகளைப் பற்றி அக்காள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. 'அன்றைக்கு மேடையில் என்னிடம் அப்படிச் சொன்னவரை நான் மன்னிக்க வேண்டும், ஆண்டவரே' என்று மட்டும் இருந்தது. அதையே என் விண்ணப்பமாகவும் சொல்லிவிட்டு, மாலையில் அவளை அலைபேசியில் அழைத்தேன்.

"படிச்சிட்டியா தம்பி?" என்றாள். பிறகு, கோட்லீபின் எந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள் என்று கேட்டாள்.