பூட்டிய மாடிக் கதவு

எங்கள் டெல்லி மயூர் விஹார் தமிழ் வாட்ஸ்அப் குரூப்பில் மறுபடியும் அந்த 2008 நொய்டா ஆருஷி–ஹேம்ராஜ் இரட்டைக் கொலை ஓடுகிறது. ஆளாளுக்கு வீட்டு வரைபடத்தில் வட்டம் போட்டு 'இவர்தான் செய்திருக்கணும்' என்று எழுதுகிறார்கள்.

தயவுசெய்து நிறுத்துங்கள். மே 16 காலை சிறுமி ஆருஷியின் உடல் வீட்டில் கிடைத்ததும் எல்லாரும் கைகாட்டியது காணாமல் போயிருந்த வீட்டு வேலையாள் ஹேம்ராஜைத்தான். மொட்டை மாடிக் கதவுப் பக்கம் ரத்தக்கறை இருந்தும் அன்றைக்குப் பூட்டை யாரும் உடைக்கவில்லை, மறுநாள் உடைத்தால் அந்த மனிதரே அங்கே கொலையுண்டு கிடக்கிறார், அந்த மே மாத வெயிலில். நேபாளத்தில் குடும்பத்தை விட்டுவிட்டுப் பிழைக்க வந்தவரை, செத்த பிறகு ஒரு நாள் முழுக்கக் கொலைகாரன் என்றார்கள்.

அப்புறம் ஆருஷியின் பெற்றோர். 2013-இல் ஆயுள் தண்டனை, 2017 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதற்குப் பிறகும் 'அம்மா டிவியில் சரியா அழலையே' என்று எழுதுவது என்ன நியாயம்? முதல் நாளே கூட்டம் வீட்டுக்குள் புகுந்து தடயங்களை மிதித்துவிட்டது, அதை ஃபோனில் நாலு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து எப்படி அண்ணா மீட்பீர்கள்?

அட்மின் அக்கா, குரூப்பில் ஸ்கூல் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தப் படங்களை முதலில் அழித்துவிடுங்கள்.