ஐந்து மா, ஐந்து வேலி ஆன கதை: கணக்கெடுப்புத் தரவை ஏபிஐ வழியாக இழுத்த அனுபவம்

குறுவை அறுவடை நேரம். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து ஊர்களில் சாகுபடிப் பரப்பையும் விளைச்சலையும் விவசாயிகளிடம் கேட்டுப் பதிவுசெய்துகொண்டிருந்தோம். மாணவர்கள் செல்பேசியில் கோபோடூல்பாக்ஸ் என்ற கணக்கெடுப்புக் கருவியின் படிவத்தை நிரப்புவார்கள். நான் அவ்வப்போது எக்செல் கோப்பாக இறக்கி, ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றுவேன். மூன்றாவது வாரத்தில் ஒரே பெயரில் ஏழு கோப்புகள் சேர்ந்துவிட்டன. எது கடைசி என்று தேடுவதிலேயே ஒரு மாலைப்பொழுது போயிற்று. இனி ஏபிஐ வழியாக, அதாவது ஒரு நிரல் இன்னொரு மென்பொருளிடம் நேரடியாகத் தரவு கேட்கும் வழியில், நேரே இழுத்துவிடுவது என்று அன்று முடிவெடுத்தேன்.

இணைப்பு எளிதாகவே கிடைத்தது. நம் கணக்கின் அமைப்புகளில் டோக்கன் இருக்கிறது, கடவுச்சொல் போன்ற ஒரு ரகசியக் குறியீடு. அதையும் படிவத்தின் அடையாளக் குறியீட்டையும் சேர்த்து ஏபிஐயின் இணைய முகவரியை அழைத்தால், பதில்கள் ஜேசன் (JSON) என்ற உரை வடிவில் வந்து விழுகின்றன. பத்து வரி நிரல் போதும். ஆனால் டோக்கனை நிரலுக்குள் எழுதாதீர்கள். அது யார் கையில் இருக்கிறதோ, அவர் விவசாயிகளின் பெயர், செல்பேசி எண் எல்லாவற்றையும் பார்க்கலாம். நம்மை நம்பித் திண்ணையில் உட்காரவைத்துப் பேசியவர்கள் அவர்கள். நான் டோக்கனைத் தனிக் கோப்பில் வைத்து, நிரல் அதைப் படிக்கும்படி செய்தேன்.

வந்த தரவில் எண்களெல்லாம் எழுத்துச் சரங்களாக இருந்தன. எண்ணாக மாற்றாமல் கூட்ட முடியவில்லை. பதில் சொல்லாமல் விட்ட கேள்வி காலியாகக்கூட வருவதில்லை, அந்தப் பதிவில் அப்படி ஒரு கேள்வியே இருக்காது. சோதனைக்காக 100 பதிவுகள் மட்டும் கேட்டிருந்ததை மாற்ற மறந்து, ஒரு நாள் முழுக்க அந்த 100-ஐ வைத்தே சராசரி போட்டேன். பதிலின் தொடக்கத்திலேயே மொத்த எண்ணிக்கையும் அடுத்த பக்கத்தின் இணைப்பும் இருக்கின்றன. இழுத்த வரிசைகள் அந்த எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று இப்போது நிரலே பார்த்துக்கொள்கிறது.

பிறகு நேரம். காலை 7 மணிக்கு அனுப்பிய படிவம் இரவு 1.30 என்று காட்டியது. சமர்ப்பித்த நேரம் யூடிசி (UTC) எனும் உலகப் பொது நேரத்தில் பதிவாகிறது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கி. அதோடு அது செல்பேசிக்கு சிக்னல் கிடைத்துப் படிவம் போய்ச் சேர்ந்த நேரம்தான். விவசாயியோடு பேசிய நேரம் வேண்டுமென்றால், படிவம் திறந்தபோது பதிவாகும் தொடக்க நேரத்தைத்தான் எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு வரிசை என்னை உறுத்தியது. பரப்பு 5 வேலி, விளைச்சல் 58 மூட்டை. எங்கள் பக்கம் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது 33 சென்ட். அப்படியானால் 5 வேலி 33 ஏக்கர் ஆகிறது. அத்தனை நிலத்தில் 58 மூட்டை மட்டும் கண்டிருந்தால் அந்த வீட்டில் சாவு விழுந்தது போல இருந்திருக்கும். பதிவெடுத்த மாணவியை அழைத்தேன். "ஐந்து மா அக்கா. தாத்தா விரலை மடக்கி எண்ணிக் காட்டினார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது" என்றாள்.

தவறு படிவத்திலும் இல்லை, அவளிடமும் இல்லை. முதலில் அலகுகளுக்கு 1 மா, 2 வேலி, 3 ஏக்கர் என்று குறியீடு கொடுத்திருந்தோம். பலர் குழிக்கணக்கில் சொன்னதால், இடையில் குழியை முதலிடத்தில் சேர்த்தோம். மா 2 ஆயிற்று, வேலி 3 ஆயிற்று. ஏபிஐ எனக்குத் தந்தது வெறும் எண். என் நிரலோ பழைய படிவத்தைப் பார்த்து எழுதியது. படிவம் மாறிய பிறகு வந்த ஒவ்வொரு மாவையும் அது வேலியாக்கிக்கொண்டிருந்தது.

நல்லவேளை, ஒவ்வொரு பதிவோடும் படிவத்தின் பதிப்புக் குறியீடும் வருகிறது. அதை வைத்துப் பழையவற்றையும் புதியவற்றையும் பிரித்து, தனித்தனி அட்டவணையால் மாற்றினேன். இழுத்த ஜேசனைத் தொடாமல் தேதியிட்டுச் சேமித்திருந்ததால் எதுவும் தொலையவில்லை. அடுத்த படிவத்தில் அலகுக்கு எண்ணே வைக்கவில்லை. 'மா', 'குழி' என்ற சொற்களையே குறியீடாக்கினோம்.

இரவு பதினொரு மணிக்கு நிரலை மறுபடி ஓட்டினேன். தாத்தாவின் வரிசையைத் தேடி எடுத்தேன். 5 மா, 1.65 ஏக்கர், 58 மூட்டை. அந்த வரியைப் படமெடுத்து மாணவிக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன்.