30 நாள் கணக்கு

படம் பகிரும் தளம் ஒன்றில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். முதல் இரண்டு வருடம், புகார் வந்த படங்களைப் பார்த்து எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்யும் வேலை. அப்புறம், 'என் கணக்கை ஏன் மூடினீர்கள்' என்று எழுதுபவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. முதல் வேலையில் ஒரு படம் என்பது திரையில் சில விநாடி வந்து போகும், அவ்வளவுதான். இரண்டாவதுக்கு மாறிய பிறகுதான், அந்த ஒரு படத்தோடு சேர்த்து ஒருவர் பத்து வருடமாகச் சேர்த்த எல்லாமே போகிறது என்பது உறைத்தது.

விதிகளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கும் படம் வந்தால் எச்சரிக்கை எதுவும் கிடையாது, கணக்கை அப்போதே மூடி உரிய அமைப்புக்குத் தெரிவிப்போம், அதில் எனக்கு ஒருநாளும் தயக்கம் இருந்ததில்லை. ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட இத்தகைய படங்களைப் பிடிக்க 2009-இல் மைக்ரோசாஃப்டும் பேராசிரியர் ஹானி ஃபரீதும் உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ போன்ற கருவிகள் உண்டு. படத்தின் அளவை மாற்றினாலும் கைரேகை மாதிரி பொருத்திக் கண்டுபிடித்துவிடும். சிக்கல் வருவது, இதுவரை எங்கும் பதிவாகாத புதுப் படத்தை மென்பொருள் ஊகிக்கும் இடத்தில்தான்.

2020 அக்டோபரில், மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளை விளக்கி பிரேசிலில் ஒருவர் போட்ட இன்ஸ்டாகிராம் படங்களை மென்பொருள் நிர்வாணம் என்று தானாக நீக்கியது, பிறகு தவறு என்று ஒப்புக்கொண்டு திருப்பிப் போட்டார்கள். அது ஒரு பதிவு, திரும்பி வந்தது. 2022-இல் செய்தியான இன்னொன்று என் மனதைவிட்டுப் போகவில்லை. மகனுக்கு வந்த தொற்றை மருத்துவருக்குக் காட்டுவதற்காக அப்பா ஒருவர் கைபேசியில் எடுத்த படம் கூகுளின் மென்பொருளில் சிக்கியது. குற்றம் எதுவும் இல்லை என்று அமெரிக்கக் காவல்துறை முடித்துவிட்டது, ஆனால் அவர் கணக்கை கூகுள் திருப்பித் தரவில்லை.

என் மேஜைக்கு வந்ததும் அந்த வகைதான். ஒருவர் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு தழும்பு ஆறுவதை அவ்வப்போது படம் எடுத்து ஏற்றியிருந்தார், மூன்று வருடங்களில் மூன்று படம். அவை ஏறியபோது விதி அனுமதித்தது. பின்னால் காயங்கள் பற்றிய விதியைக் கடுமையாக்கினோம், மென்பொருளைப் பழைய படங்கள் மீதும் ஓடவிட்டோம். மூன்றும் ஒரே இரவில் மாட்டின. மூன்று மீறல் என்றால் கணக்கை மூடு என்பது விதி, மூடியாயிற்று. அவருக்குப் போனது 'எங்கள் விதிகளை மீறியதால்' என்று தொடங்கும் ஒரு வரி, எந்தப் படம், எந்த விதி என்று ஒன்றுமில்லை. நான்காம் நாளே அவர் முறையிட்டார். வரிசையில் காத்திருந்து என்னிடம் வந்தது 37-ஆம் நாள்.

மூடிய கணக்கை 30 நாளில் நிரந்தரமாக அழிக்கும் ஏற்பாடு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. முறையீடு ஒன்று வரிசையில் நிற்கிறது என்று அதற்குத் தெரிவிக்க யாரும் வழி செய்து வைக்கவில்லை. அவர் சொல்வது சரி என்று நான் முடிவு எழுதினேன், திருப்பித் தர ஒரு படம்கூட இல்லை. பேக்கப்பில் இருந்து எடுக்க முடியுமா என்று கேட்டால், மொத்த சர்வரும் விழுந்தால் மீட்பதற்குத்தான் அது, ஒரு ஆளின் படங்களை மட்டும் பிரித்து எடுக்க வழியில்லை என்றார்கள். படங்களுக்கு அவர் எழுதிய தலைப்புகளும் குறிப்புகளும் மட்டும் வேறொரு இடத்தில் அழியாமல் இருந்தன. அந்தப் பட்டியலை அனுப்பினோம். 'அம்மா, மாடியில், கடைசிப் பிறந்தநாள்' என்று ஒரு வரி அதில் இருந்தது, தழும்புக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அதன் பிறகு மூன்று மாற்றம் கேட்டேன். ஒரே சோதனையில் மாட்டும் பழைய படங்களை ஒரே மீறலாக எண்ணுவது, முறையீடு வந்த நொடியில் அழிப்புக் கெடுவை நிறுத்துவது, கொடுங்குற்றம் தவிர மற்ற மூடல்களில் மீதிப் படங்களைப் பதிவிறக்கிக்கொள்ள அவகாசம் தருவது. முதல் இரண்டும் நாலு மாதத்தில் வந்தன. அவகாசம் நடைமுறைக்கு ஒத்துவராது என்றவர்களிடம் ஃப்ளிக்கர் என்ற படம் பகிரும் தளத்தைக் காட்டினேன்: இலவசக் கணக்குக்கு 1000 படம்தான் என்று 2018 நவம்பரில் அறிவித்து, மிச்சத்தை எடுத்துக்கொள்ள மாதக்கணக்கில் நேரம் கொடுத்தார்கள், கூட்டம் அதிகமானதும் 2019 மார்ச் வரை நீட்டித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைச் சட்டமோ, படத்தை நீக்கினாலும் கணக்கை மூடினாலும் காரணத்தைத் தெளிவாகச் சொல்லச் சொல்கிறது, சிறிய, மிகச் சிறிய நிறுவனங்களைத் தவிர மற்ற தளங்கள் குறைந்தது ஆறு மாதம் முறையீட்டை ஏற்க வேண்டும் என்கிறது.

தானே கணக்கை அழிக்க வருபவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருப்பதுதான் எனக்கு வருத்தம். இன்ஸ்டாகிராமில் 30 நாளுக்குள் மனம் மாறினால் திரும்பி வரலாம். கோபத்தில் அழித்தவர்கள், கடவுச்சொல்லைத் திருடியவன் அழித்துவிட்டுப் போன கணக்குக்காரர்கள், எல்லோரையும் இந்த இடைவெளி காப்பாற்றுகிறது.

மூன்றாவது மாற்றம் நான் வேலையை விடும்வரை வரவில்லை. விதியை மீறிய படத்தை நாமே திருப்பிக் கொடுத்ததாக ஆகிவிடுமே என்பது சட்டப் பிரிவின் பயம். அந்தப் படங்களை ஒதுக்கிவிட்டு மற்றதைக் கொடுக்கலாம் என்று கடைசிக் கூட்டத்திலும் சொன்னேன். அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்று குறித்துக்கொண்டார்கள்.