வால்வு வைத்த அம்மாவுக்குப் பல் பிடுங்கியபோது

சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அம்மாவின் இதயத்திலுள்ள மைட்ரல் வால்வைக் கெடுத்திருந்தது. அதை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்தியதிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க தினமும் சாயங்காலம் அசிட்ரோம் மாத்திரை. அதைச் சாப்பிட ஒரு நாளும் மறந்ததில்லை.

போன ஐப்பசியில் சொத்தைக் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, வலியில் அம்மாவுக்கு ராத்தூக்கம் போனது. முதலில் பார்த்த பல் மருத்துவர், "அசிட்ரோமை அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க, எடுத்துடலாம்" என்று சொல்லி, வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் கூடவே கிருமிக்கு மெட்ரோனிடசோலும் எழுதிக் கொடுத்தார். நான் சரி என்று கிளம்பிவிட்டேன். அம்மாதான், "வால்வு டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுடு" என்றார். அந்த ஒரு வார்த்தையை இப்போது நினைத்தாலும் மனசு பதறுகிறது.

இதய மருத்துவர் சீட்டைப் பார்த்ததும் இரண்டு மாத்திரைகளையும் அடித்துவிட்டார். மெட்ரோனிடசோல் அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டிவிடுமாம். டைக்ளோஃபெனாக் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாமாம். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். "பல் குழியில் ரத்தம் வந்தா பஞ்சை வச்சு அமுக்கி நிறுத்தலாம். வால்வுல ரத்தம் கட்டினா என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் அளவு 3.5-க்குள் இருந்தால் மாத்திரையை நிறுத்தாமலே எடுக்கலாம் என்று கடிதம் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தோடு ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். முந்தின நாள் பரிசோதனையில் ஐ.என்.ஆர் 2.8. காலை நேரமாகத்தான் கொடுத்தார்கள். ரத்தம் கசிந்தால் பகலிலேயே திரும்பி வந்துவிடலாம் என்பதற்காக. பெனிசிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் முன்னதாக அமாக்சிசிலின் 2 கிராம், அதாவது 500 மில்லிகிராமில் நான்கு மாத்திரைகளை ஒரே தடவையில் கொடுத்தார்கள். வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் போய் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அது. பல்லை எடுத்த கையோடு குழியில் ரத்தம் நிறுத்தும் பஞ்சு வைத்துத் தையல் போட்டார்கள். ரத்தக்கசிவை நிறுத்தும் மருந்தான டிரானெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த துணியை அரைமணி நேரம் கடித்திருக்கச் சொன்னார்கள்.

அன்று முழுக்க கொப்பளிக்கவில்லை, சூடாக எதுவும் கொடுக்கவில்லை. ஆறின ரசம் சாதம்தான். சாயங்காலம் எச்சிலில் லேசாகச் சிவப்பு தெரிந்ததும் எனக்குக் கை நடுங்கியது. துணியை மறுபடி கடிக்க வைத்தேன், இருபது நிமிஷத்தில் நின்றது. அப்புறம் வழக்கமான நேரத்துக்கு அம்மா தானே டப்பாவைத் திறந்து அசிட்ரோமை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். சாப்பாடு குறைந்திருந்ததால் அளவு மாறியிருக்குமோ என்று அன்றே ஐ.என்.ஆரும் பார்த்தோம்: 3.1.