வெள்ளிக்கிழமைச் செபமாலை

ஆவணித் திருவிழாவுக்கு மன்னார்க் காட்டுக்குள் இருக்கும் மடு மாதா கோயிலுக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் முதலில் தேடுவது தறப்பாளைத்தான். அரிசி, உடுப்பு, தண்ணிக் கான் எல்லாம் அதற்குப் பிறகு. இந்த முறை கோயில் விடுதியில் அறை எடுக்கலாமா என்று அப்பா மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். அம்மம்மா காதில் விழாத மாதிரி தறப்பாளின் மூலைக் கயிறுகளை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சரி, மரத்தடிதான் என்று முடிவாகிவிட்டது.

2025 ஆகஸ்ட் 14. மன்னார் - மதவாச்சி வீதியில் மடுச் சந்தி தாண்டிக் காட்டுக்குள் திரும்பியதும் புழுதி. மழை காணாத ஆவணி மாதம், பாலை மரங்களெல்லாம் சாம்பல் பூசியதுபோல நின்றன. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு குடும்பம், ஒரு அடுப்பு. எங்கள் இடதுபக்கம் நீர்கொழும்பிலிருந்து வந்த சிங்களக் குடும்பம். அவர்களுக்கு உப்புத் தீர்ந்துபோனது, எங்களுக்கு நெருப்புப் பெட்டி நமத்துப்போனது. அதிலேயே சிநேகமாகிவிட்டோம். தண்ணீர் பவுசருக்கு முன்னால் வரிசையில் நின்றதை எழுதினால் அதற்கே தனிக் கட்டுரை வேண்டும். விடுகிறேன்.

மறுநாள் விடியப்புறமே கோயில் முன்றல் நிரம்பிவிட்டது. பூசை தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிப் போனது. பிறகு மாதாவின் சுரூபம் வெளியே வந்தபோது கூட்டம் முழுக்க வெள்ளைக் கைலேஞ்சிகளை அசைத்தது. எனக்கும் தொண்டை அடைத்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் நான் எழுத வந்தது காலைப் பூசையைப் பற்றி அல்ல, அன்று பின்னேரம் தறப்பாளுக்குக் கீழே நடந்ததைப் பற்றி.

ஆறு மணிக்கு அம்மம்மா பாயை விரித்துச் செபமாலையை எடுத்தார். கறுப்பு மணி. சிலுவை எப்போதோ கழன்றுவிட்டது, அதைத் தையல் நூலால் கட்டி வைத்திருக்கிறார். அந்த நூலும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்து மணியோடு மணியாகிவிட்டது. சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, "துக்க தேவ இரகசியம்" என்று தொடங்கினார். மணி உருட்டும்போது இயேசுவினதும் மாதாவினதும் வாழ்க்கையில் நடந்தவற்றை ஐந்தைந்தாகத் தியானிப்பதைத்தான் தேவ இரகசியம் என்போம். துக்கம் என்றால் இயேசு பட்ட பாடுகள்.

எனக்குச் சட்டென்று ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆகஸ்ட் 15 மாதா ஆன்மாவோடும் சரீரத்தோடும் மோட்சத்துக்கு எடுக்கப்பட்ட திருநாள். மகிமை தேவ இரகசியங்களில் நாலாவதே அதுதான். அந்த நாளில் போய்ப் பூங்காவனத்து இரத்த வியர்வையும் கற்றூணும் முள்முடியுமா? பெருவிழா நாளில் மகிமை சொல்லுகிறவர்கள் நிறையப் பேர். அதைச் சொன்னேன்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை பிள்ளை," என்றார். அவ்வளவுதான். மணியை உருட்டத் தொடங்கிவிட்டார்.

செபமாலைக்கு ஒரு கிழமைக் கணக்கு உண்டு. திங்கள் சந்தோஷம், செவ்வாயும் வெள்ளியும் துக்கம், புதனும் ஞாயிறும் மகிமை. வீட்டில் கலியாணமா, செத்த வீடா என்று அது கேட்பதில்லை. எங்கள் மாமாவின் கலியாணம் ஒரு செவ்வாய்க்கிழமை. பலகாரத் தட்டுக்கு நடுவில் இருந்து அம்மம்மா சிலுவை சுமந்த கதையைச் சொன்னதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். எனக்கு அது வெறும் பிடிவாதமாகத்தான் பட்டுக்கொண்டிருந்தது.

செபம் முடிந்து தேத்தண்ணி ஊற்றும்போது திரும்பவும் கிளறினேன். அவர் கோயில் பக்கம் கையைக் காட்டினார். "இந்தக் காட்டுக்குள்ளதான் நாங்களும் கிடந்தனாங்கள். அண்டைக்குச் சனிக்கிழமை."

1999 நவம்பர் 20. சண்டை கிட்ட வந்த நேரம், கோயிலடிதான் பாதுகாப்பு என்று ஊர் ஊராகச் சனம் வந்து தங்கியிருந்தது. அன்றிரவு கோயில் வளாகத்துக்குள் எறிகணை விழுந்து நாற்பது பேர் அளவில் இறந்துபோனார்கள், குழந்தைகளும்தான். அப்போது சனிக்கிழமையும் மகிமை நாள். பின்னேரம் சொன்னது மகிமை. மறுநாள் ஞாயிறு, அதுவும் மகிமை.

"ஒராள் அழுதுகொண்டு கேட்டவ, இண்டைக்காவது துக்கத்தைச் சொல்லுவமே எண்டு. எனக்கும் வாய் வரேல்ல. ஆனா ஞாயிற்றுக்கிழமை. இயேசுநாதர் உயிர்த்தெழுந்தது எண்டுதான் தொடங்கினான். அதை விட்டா வேற என்னத்தைச் சொல்லுறது, சொல்லு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து அடுப்பில் நீர்கொழும்புக் காரர்கள் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

மடு மாதாவே இடம்பெயர்ந்தவர்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்த காலத்தில், 1670இல், மாந்தைப் பக்கத்துக் குடும்பங்கள் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு இந்தக் காட்டுக்குள் வந்தார்கள் என்பதுதான் கோயிலின் வரலாறு. 2008 ஏப்ரலில் சண்டை திரும்ப நெருங்கியபோது குருமார் அதே சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டில்தான் திரும்பி வந்தது. பிறகு நல்ல காலமும் வந்தது. 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் இங்கே வந்து செபித்தார். வீட்டுக்கு வந்ததும் கலண்டரைப் புரட்டிப் பார்த்தேன், அன்று புதன்கிழமை. மகிமை நாள். ஒருமுறையாவது கணக்குப் பொருந்தியிருக்கிறது என்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அம்மம்மாவிடம் சொன்னால் அதிலென்ன என்பார்.

சனிக்கிழமை காலை கூடாரத்தைப் பிரித்தோம். அம்மா வழக்கம்போல ஒரு பிடி மடு மண்ணைக் கடதாசியில் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பாம்புக் கடிக்கு நல்லதென்று காலங்காலமாகக் கொண்டுபோவது, எங்கள் வீட்டுச் சாமித் தட்டில் ஏழெட்டுப் பொட்டலம் கிடக்கிறது. தறப்பாளை மட்டும் அம்மம்மா வேறு யாரையும் மடிக்க விடவில்லை.

வான் மடுச் சந்திக்கு வந்து வீதியில் ஏறியதும் அம்மா செபமாலையைத் தொடங்கினார். 2002இல் ஒளியின் தேவ இரகசியங்கள் சேர்ந்தபோது கணக்கு மாறியது. வியாழன் ஒளிக்குப் போக, சனிக்கிழமைக்குச் சந்தோஷம் வந்தது. அம்மா புதுக்கணக்குத்தான். "சந்தோஷ தேவ இரகசியம்," என்றார்.

"சனிக்கிழமை மகிமை," என்றார் அம்மம்மா பின் சீட்டிலிருந்து.

"அது பழசம்மா. பாப்பரசர் மாத்திப்போட்டார்."

"அவர் மாத்தட்டும். மற்ற நாளெல்லாம் நான் மாத்திப்போட்டன். சனிக்கிழமையை விடு."

அம்மா கண்ணாடியில் ஒருதரம் அவரைப் பார்த்தார். பிறகு முதல் மணிக்குத் திரும்பப் போனார். மகிமை தேவ இரகசியம் என்று தொடங்க, ஓட்டிக்கொண்டிருந்த அப்பா உட்பட எல்லோரும் மறுமொழி சொன்னோம்.