போஸ்ட்கிரெஸ்ஸா, மைஎஸ்கியூஎல்லா?

நிறுவனத்திற்கென போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் போன்ற ஒரு திறமூலத் (மூல நிரல் யாவருக்கும் திறந்திருக்கும்) தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் வேக ஒப்பீடுகளையே முதலில் தேடுகிறார்கள்; அது யார் கையில் இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2008இல் மைஎஸ்கியூஎல்லை வாங்கிய சன் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் வாங்கியது. அந்த மாற்றத்தை அஞ்சியே மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மான்ட்டி விடேனியஸ் அதன் நிரலிலிருந்து மரியாடிபி என்ற தரவுத்தளத்தைத் தனியே பிரித்தெடுத்தார். மாங்கோடிபி, ரெடிஸ் என்ற வேறு இரு தரவுத்தளங்களும் முறையே 2018இலும் 2024இலும் தம் திறமூல உரிமத்தையே கட்டுப்பாடு மிகுந்ததாக மாற்றிக்கொண்டன. 1986இல் பெர்க்லியில் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் எந்த ஒரு நிறுவனத்தின் உடைமையும் அன்று.

பில், கணக்கு சார்ந்த மென்பொருளுக்கு நான் போஸ்ட்கிரெஸ்ஸையே பரிந்துரைப்பேன். அட்டவணையின் அமைப்பை மாற்றும் நான்கு கட்டளைகளை ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் (முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் தொகுப்பு) இட்டு, நான்காவது தவறினால் முதல் மூன்றையும் அதில் ரோல்பேக் செய்து பழைய நிலைக்கே திருப்பிவிடலாம். மைஎஸ்கியூஎல்லில் அட்டவணையை மாற்றும் ஒவ்வோர் ஆல்டர் டேபிள் கட்டளையும் அப்போதே கமிட் ஆகி நிலைத்துவிடுவதால், பாதியில் நின்ற மாற்றத்தை நள்ளிரவில் கையால் சரிசெய்ய நேரும்.

போஸ்ட்கிரெஸ்ஸிலும் சுமை உண்டு. ஒவ்வோர் இணைப்புக்கும் தனி பிராசஸ் என்பதால் இணைப்புகளைப் பகிர்ந்து பயன்படுத்த உதவும் பிஜிபவுன்சர் போன்ற ஒரு கருவி விரைவில் தேவைப்படும். தரவைத் திருத்தும் அப்டேட் கட்டளை அட்டவணையில் விட்டுச்செல்லும் பழைய வரிசைகளை வேக்யூம் என்ற துப்புரவுப் பணி ஒழுங்காக அகற்றுகிறதா என்று கண்காணிக்க ஆள் வேண்டும். உங்கள் குழுவுக்கு மைஎஸ்கியூஎல் ரெப்ளிகேஷன் (தரவை வேறு சர்வர்களுக்கும் நகலெடுப்பது) கைவந்த கலை என்றால் அதிலேயே தொடர்வது தவறில்லை. ஆனால் பழைய அட்டவணைகளை யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறியாக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். மைஎஸ்கியூஎல்லின் பழைய யூடிஎஃப்8 ஓர் எழுத்துக்குறிக்கு மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. தமிழ் அதற்குள் அடங்கிவிடும், இமோஜி அடங்காது.