கட்டட அனுமதியும் தீயணைப்பு வண்டி நுழையாத தெருவும்

கீழே ஒரு கடை, மேலே நாங்கள் குடியிருக்க வீடு. இவ்வளவுதான் எங்கள் திட்டம். வெறும் வீடு என்றால் வேலை சுலபம். 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால், ஆன்லைனில் விண்ணப்பித்துப் பணம் கட்டி உடனே அனுமதி வாங்கிவிடலாம். அது குடியிருப்புக்கு மட்டும். வரைபடத்தில் கடை என்று ஏறியதும் அந்த வழி அடைபட்டது. "வீடுன்னு போட்டு வாங்கிட்டு அப்புறம் ஷட்டர் மாட்டிக்கலாம்னு சொல்வாங்க சார், கேட்காதீங்க. கரண்ட் சர்வீஸ் வாங்கப் போறப்ப மாட்டிக்குவீங்க" என்று எங்கள் இன்ஜினியர் முதலிலேயே எச்சரித்துவிட்டார்.

சரி, வழக்கமான பாதையிலேயே போனோம். பத்திரம், பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு உத்தரவின் நகல், காலிமனை வரி ரசீது. இதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பத்திரத்து அளவும் பட்டா அளவும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

எங்களுக்குச் சிக்கல் மனையில் இல்லை, தெருவில் இருந்தது. இடத்தைப் பார்க்க வந்த நகரமைப்பு ஆய்வாளர் எங்கள் வாசலில் டேப் பிடித்தார். மனைப்பிரிவு வரைபடத்தில் உள்ளபடியே 20 அடி. அப்புறம் தெருமுனைக்கு நடந்து போய்ப் பிடித்தார். 13 அடி சொச்சம். ஒரு வீட்டின் மூன்று படிகள், பக்கத்து வீட்டில் கார் ஏற்ற சிமெண்ட் சாய்வு, எதிரே சாக்கடை மேல் போட்ட கடப்பாக்கல், அந்தக் கல்லின் மேல் ஒரு துளசி மாடம். யாரும் ரோட்டை வளைத்துப்போட்டதாக நினைத்திருக்க மாட்டார்கள். ஆளுக்கு இரண்டடி, மூன்றடி, அவ்வளவுதான். "இதுல ஃபயர் சர்வீஸ் வண்டி திரும்புமா சார்?" என்று ஆய்வாளர் என்னைக் கேட்டார். நான் என்ன சொல்ல? அணுகுசாலையின் அகலத்தை உறுதிசெய்ய வேண்டும் என்ற குறிப்போடு கோப்பு திரும்பி வந்தது.

"கவுன்சிலரைப் பாருங்க" என்றார்கள் தெருவில் எல்லோரும். பார்த்தேன். அவர் நேர்மையாகவே பேசினார். கட்டட அனுமதியில் கையெழுத்துப் போடுவது ஆணையர், நகர்மன்றம் அதற்கு ஓட்டெடுப்பதில்லை, தன்னால் சிபாரிசு செய்ய முடியும், கையெழுத்துப் போட முடியாது என்றார். "ஆனா ரோடு எங்களுது" என்று சேர்த்துக்கொண்டார். யோசித்தால் அதுதான் விஷயம். தீயணைப்பு நிலையம் மாநில அரசின் துறை. 108 ஆம்புலன்சும் நகராட்சியுடையது இல்லை. அவசரத்துக்கு வரும் வண்டி எதுவும் நகர்மன்றத்தின் கையில் கிடையாது. அந்த வண்டி வந்து சேர்வதற்கான தெருதான் அதன் கையில் இருக்கிறது. தெருக்காரர்கள் சிலரிடம் கையெழுத்து வாங்கி, முனையை அளந்து ஒழுங்கு செய்யக் கோரி மனு கொடுத்தோம். தீயணைப்பு நிலையத்திலிருந்து நகராட்சிக்கு வந்திருந்த கடிதம் ஒன்றும் எங்களுக்கு உதவியாக அமைந்தது. வண்டி நுழைய முடியாத தெருக்கள் என்று அவர்கள் கொடுத்திருந்த பட்டியலில் எங்கள் தெருவும் இருந்தது.

அனுமதி கேட்டு மன்றக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். ஒருமுறையாவது எல்லோரும் பார்க்க வேண்டிய காட்சி அது. குப்பை வண்டி ரிப்பேர், மோட்டார் காயில் கட்டியது, தெருவிளக்கு என்று பொருள்கள் மளமளவென்று படிக்கப்பட்டு நிறைவேறின. குடிநீர் விஷயத்தில் சிலர் வெளிநடப்பு செய்து, டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். எங்கள் பொருள் வந்ததும் ஓர் உறுப்பினர் எழுந்தார். "படியை இடிச்சுட்டா அந்த வீட்டுப் பாட்டி எப்படிங்க ஏறும்?" நியாயமான கேள்வி. இன்னொருவர், "கும்பகோணம் மறந்துபோச்சா?" என்றார். 2004 ஜூலை 16 அன்று அங்கே பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் நகராட்சி அதிகாரிகளும் இருந்தார்கள். மேடையில் இருந்த அதிகாரிகளுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடைசியில், சர்வேயரை வைத்து எல்லை குறிப்பது, நோட்டீஸ் கொடுத்து அவகாசம் தருவது, முதலில் முனையை மட்டும் சரிசெய்வது என்று தீர்மானம் ஆயிற்று.

தெருவில் கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் உண்டு. எல்லை குறிக்கச் சுவரில் சிவப்பு பெயிண்ட் விழுந்தால் யாருக்குத்தான் பிடிக்கும். பாட்டி வீட்டுக்கு வழி கண்டுபிடித்தவர் ஒரு கொத்தனார். படிகளை முன்பக்கம் நீட்டாமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டி, பிடித்துக்கொண்டு ஏற ஒரு குழாயும் வைத்துக் கொடுத்தார். துளசி மாடம் காம்பவுண்டுக்குள் போயிற்று. கார் சாய்வுக்காரர் மட்டும் இன்னும் ஆட்சேபணை மனுவோடு அலைகிறார். ஆனாலும் தீயணைப்பு வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தபோது, டிரைவர் ஒரு பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு முனையில் திருப்பி உள்ளே வந்துவிட்டார்.

அதன்பிறகு கோப்பு நகர்ந்தது. கடைக்கு ஏறும் படியும் சாய்வும் எங்கள் மனைக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதால், இன்ஜினியர் ஷட்டரைப் பின்னால் தள்ளி வரைபடத்தை மாற்றினார். கடை சுருங்கியதில் எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. கட்டணங்களோடு, கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்கும் கட்ட வேண்டும். பட்ஜெட் போடும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது அஸ்திவாரம் முடிந்து சுவர் எழும்புகிறது. இனி வரைபடத்தை மீறாமல் கட்டி முடிக்க வேண்டும். மேஸ்திரி நேற்றுகூடக் கேட்டார், ஷட்டரை ஓர் அடி முன்னால் இழுத்துக்கொள்ளலாமா என்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.